கண்ணாடிக்குள் எழுபத்தைந்து வருஷம்

கணவர் இறந்த பிறகு கண்ணாடி அக்கா முதல் தடவையாக வேலைக்கு வந்த அன்று, பெரிய கடையில் அவள் போகிற இடமெல்லாம் நாற்காலி போட்டார்கள். வாசனைத் திரவியப் பிரிவில் ஒன்று, லிஃப்ட் பக்கத்தில் ஒன்று, கணக்குப் பிரிவு வாசலில் ஒன்று. அவளும் மறுக்காமல் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தாள். மரியாதைக்குத்தான் உட்கார்ந்தாள்; கால் ஒன்றும் வலிக்கவில்லை. கால் மட்டுமில்லை, எதுவுமே வலிக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த ஊசியை யாரோ உச்சந்தலையில் போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்காமலே எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

கடையின் முகப்பில் தெருவைப் பார்த்தபடி ஆறு பெரிய கண்ணாடி அறைகள் உண்டு. அவற்றுக்குள் பொம்மைகளை நிறுத்தி, உடுத்தி, விளக்குப் போட்டு, அவசரமாகப் போகிறவனையும் ஒரு நிமிஷம் நிற்க வைப்பது அவள் வேலை. கண்ணாடி அக்கா என்ற பெயர் அப்படி வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடி அவள் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடையில் சேர்ந்தவள். கல்யாணமே அந்தக் கடையால்தான் நடந்தது. இரண்டாவது மாடியில் பெட்டிப் பிரிவில் இருந்தவர் அவள் கணவர். ஊருக்குப் போகும் காட்சி ஒன்று அமைக்க சூட்கேஸ் கேட்டு மாடிக்குப் போனவள், கடைசியில் பெட்டிக்காரரையே கட்டிக்கொண்டாள் என்று அந்தக் காலத்தில் கேன்டீனில் பேசிச் சிரித்தார்கள்.

பெரிய கடையை ஆரம்பித்தவர் துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்றவர். மூட்டை வாடகைக் கடையானது, வாடகைக் கடை சொந்தக் கடையானது, சொந்தக் கடை நாலு மாடியாக எழுந்து நின்றது. ஊரிலேயே முதல் லிஃப்ட் அங்கேதான் வந்தது. சாமான் வாங்க வந்தவர்களைவிட லிஃப்டில் ஏறி இறங்க வந்தவர்கள்தான் அதிகம். அதற்காக அவர் யாரையும் விரட்டவில்லை. மேலே போனவன் வெறுங்கையோடு இறங்க மாட்டான் என்பது அவர் கணக்கு. அவர் இருந்தவரை அந்தக் கடையில் பேரமும் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது. எழுதியிருக்கிற விலை எழுதியிருக்கிற விலைதான்.

அவருக்கு இரண்டு மகன்கள். அவர் போன பிறகு மூத்தவர் கடையைப் பார்த்துக்கொண்டார். இளையவருக்குக் கிடங்கு. கிடங்கில் என்ன இருக்கும்? பருவம் போன சட்டை, ஓரம் நசுங்கிய பெட்டி, துணை தொலைந்த செருப்பு. இளையவர் அதையெல்லாம் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு பழைய மரக் கிடங்கில் மேஜை மேஜையாகக் குவித்து, பாதி விலை, கால் விலை என்று விற்க ஆரம்பித்தார். முதல் நாள் மதியத்துக்குள் மேஜையைத் தவிர எல்லாம் போய்விட்டது. ஒருவர் மேஜையையும் விலை கேட்டாராம்.

மூத்தவருக்கு அவமானமாகிவிட்டது. "எங்கப்பா பேரை அந்தக் கிடங்கு வாசல்ல எழுதக் கூடாது," என்று சொல்லிவிட்டார். சொன்ன இடம் லிஃப்ட். கதவு மூடுவதற்குள் இளையவர் இறங்கிப் படியில் நடந்து போனார். அதற்குப் பிறகு அண்ணன் இருக்கிற லிஃப்டில் தம்பி ஏறவில்லை. அப்பா பெயர் கிடைக்காததால் புதுக் கடைக்கு 'அள்ளிக்கோ' என்று பெயர் வைத்தார். "இது கடைப் பேரா, கேலிப் பேரா?" என்று மூத்தவர் கேட்டதாகச் சொல்வார்கள். பெரிய கடைக்காரர்கள் அந்தப் பெயரைக்கூட வாயால் சொல்லவில்லை. அவர்களுக்கு அது 'சின்ன வீடு'.

பெட்டிக்காரர் சின்ன வீட்டுக்குப் போனவர்களில் முதல் ஆள். சம்பளம் கூடுதல், பொறுப்பும் கூடுதல். கண்ணாடி அக்கா போகவில்லை. கண்ணாடியே இல்லாத கடையில் அவளுக்கு என்ன வேலை? "எங்க வீட்டுக்காரர் சின்ன வீட்டுக்குப் போயிட்டார்," என்று அவள் ஒரு கல்யாண வீட்டில் சாதாரணமாகச் சொல்லப்போக, கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வருஷக்கணக்காக வீட்டில் இதே பேச்சுதான். "உங்க கடையில ஒரு சட்டைக்கு ஒரு பொம்மை. ஒரு பொம்மை விலைக்கு எங்க கடையில நூறு சட்டை," என்பார் அவர். "உங்க கடைக்கு வர்றவங்க சட்டையவா பாக்கறாங்க? விலைச் சீட்டைத்தானே பாக்கறாங்க," என்பாள் அவள். சண்டை இல்லை. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிப்பது மாதிரி, அது இல்லாமல் சாப்பாடு இறங்காது.

அதற்குள் அள்ளிக்கோ ஊர் ஊராகக் கிளை விட்டது. பெரிய கடையின் சம்பளமே அங்கிருந்துதான் வருகிறது என்று கணக்குப் பிரிவில் முணுமுணுத்தார்கள். நகரும் படிக்கட்டு வைக்கிறேன் என்று மூத்தவர் கடனில் இறங்க, கடைசியில் சின்ன வீடு பெரிய வீட்டை விலைக்கு வாங்கியது. மூத்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். இளையவரும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டு வெளிநாட்டில் மகளோடு போய் இருந்துகொண்டார். வாங்கிய கம்பெனி செய்த முதல் காரியம், கட்டடங்களையெல்லாம் விற்றுவிட்டு அதே கட்டடங்களில் வாடகைக்கு உட்கார்ந்தது.

"நம்ம வீட்டை வித்துட்டு நம்மளே வாடகை குடுத்துக்கிட்டு இருக்கற மாதிரி," என்று கணவர் சாப்பிடும்போது விளக்கினார்.

"எதுக்கு அப்படி?"

"வித்த பணத்தை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு."

"அப்ப வாடகையை யார் குடுப்பா?"

"நீயும் நானும்தான்," என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

ஒரு தள்ளுபடி நாள் காலையில் அவர் தன் கிளையின் சரக்கு அறைக்குள் போனார். வெளியே கூட்டம். கொஞ்ச நேரம் கழித்துத் தேடிப் போனவர்கள், அட்டைப் பெட்டிகள்மேல் சாய்ந்து அவர் தூங்குவதாக நினைத்தார்கள். போன் வந்தபோது கண்ணாடி அக்கா மூன்றாவது கண்ணாடிக்குள் ஒரு பொம்மைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். போனை வைத்தாள். மீதி இருந்த இரண்டு பொத்தானையும் போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஏன் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. 

மறுபடியும் வேலைக்கு வந்த அந்த வாரமே விளம்பரப் பிரிவு மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். சின்னப் பெண்தான், ஆனால் எல்லாரும் மேடம் என்பார்கள். எப்போதும் எங்கோ பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி பேசுவாள்.

"அக்கா, முதல்ல... ரொம்ப வருத்தமா இருக்கு அக்கா. லீவு வேணும்னா எடுத்துக்கோங்க."

"வேணாம் மேடம். வேலை சொல்லுங்க."

வேலை இதுதான்: கடைக்கு எழுபத்தைந்து வருஷம் நிறைகிறது. ஆறு கண்ணாடியிலும் கம்பெனியின் வரலாறு. சைக்கிளில் தொடங்கி இன்றுவரை. தலைமை அலுவலகம் வாசகங்களை அனுப்பியிருந்தது. பழைய படங்களும் வந்திருந்தன. நாலாவது கண்ணாடி அள்ளிக்கோவுக்கு. அதன் வாசகம்: 'இரு சகோதரர்கள், ஒரே கனவு. தந்தையின் ஆசியுடன் கைகோத்துத் தொடங்கினார்கள்.'

தந்தை அப்போது உயிரோடே இல்லை. கைகோத்தவர்கள் லிஃப்டில்கூடச் சேர்ந்து போகவில்லை. கண்ணாடி அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து எந்தக் கலர் மேடம்?" என்று கேட்டாள்.

தெருவிலிருந்து தெரியாதபடி கண்ணாடிகளுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே வேலை தொடங்கியது. கடைத் தச்சர் பலகைகளை அறுத்துக் கொடுத்தார். பத்துப் பதினைந்து வருஷமாக அவளோடு வேலை செய்கிறவர். ஆணியை உதட்டில் வைத்துக்கொண்டே முழுக் குடும்பக் கதையையும் சொல்லக்கூடியவர். இப்போது அவள் இருந்தால் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

சைக்கிளை வாடகைக்கு எடுத்தாள். பழைய லிஃப்டின் பித்தளைக் கைப்பிடியைத் தேய்த்து மின்ன வைத்தாள். நாலாவது கண்ணாடிக்கு ஆளுயரப் பலகை ஒன்றில் பெரிதாக்கிய படம் வந்தது. அள்ளிக்கோ திறப்பு விழா. இளையவர் ரிப்பனை வெட்டுகிறார். ஓரத்தில் கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு, ரிப்பனைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார் பெட்டிக்காரர். மீசை அடர்த்தியாக இருக்கிறது. சட்டை அவள் இஸ்திரி போட்டது.

மேடம் கையில் டீயோடு வந்து பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். "படம் சூப்பர் அக்கா. ஆனா இந்த ஓரத்துல நிக்கறவர் எங்கயோ பாக்கறாரே, கண்ணு அங்கயே போகுது. இவரை வெட்டிடலாமா?"

"வெட்டிடலாம் மேடம்."

மேடம் போனதும் தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "அக்கா, அது அண்ணன்தானே?"

"ஆமா."

"அவங்ககிட்டச் சொல்லலையா?"

"படத்துக்கு அது நல்லதுதானே. கண்ணு அங்கதான் போகுது."

தச்சர் அவளையே பார்த்தார். பிறகு மேடத்தின் அறைக்குப் படியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மேடம் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஐயோ அக்கா, மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாது. ஏன் அக்கா சொல்லல?"

"நீங்க கேட்டது வெட்டலாமான்னுதானே மேடம்."

மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் அழுவதை, கடையில் புதிதாக வந்த ஒரு பொருளைப் பார்க்கிற மாதிரி கண்ணாடி அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். நியாயமாகப் பார்த்தால் அழ வேண்டியவள் தான்தான் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

"வெட்ட வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்றாள் மேடம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அவர் என்ன பாத்துக்கிட்டிருந்தார் அக்கா?" என்று கேட்டாள்.

"கூட்டம் ஷட்டரைப் பிடுங்கிக்கிட்டு உள்ள வந்துடுமோன்னு."

காகிதத்தைக் கிழித்த அன்று காலை, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவள் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி வேலை செய்கிறவள் கடைக்கு உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதிர்ச்சாரியில் நின்று பார்க்க வேண்டும். அப்போது வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூத்தவர் இறங்கினார். கூட யாரும் இல்லை. கடைக்குள் போகவும் இல்லை. முதல் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக, கண்காட்சிக்கு வந்தவர் போலப் பார்த்துக்கொண்டே வந்தார். சைக்கிள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நாலாவதில் ரொம்ப நேரம் நின்றார்.

அவள் சாலையைக் கடந்து பக்கத்தில் போனாள். "வணக்கம் ஐயா."

"யார் எழுதினது இதை?"

"தலைமை அலுவலகத்துல எழுதிக் குடுத்தாங்க ஐயா."

மறுபடியும் படித்தார். உதடு அசைந்தது. "நல்லா இருக்கு," என்றார். "இப்படியே நடந்திருக்கலாம்."

  இரண்டாவது கண்ணாடியில் ஒரு விளக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சளாக எரிவது அவள் கண்ணில் பட்டது.

"உன் வீட்டுக்காரனைப் பத்திக் கேள்விப்பட்டேன்மா," என்றார் மூத்தவர், படத்தைத் தடியால் காட்டி. "எங்கிட்டேருந்து போன முதல் ஆளு. அந்தக் கோவத்துல நான் அவன் முகத்தைக்கூடப் பாக்கல. உன்னைக் கொண்டுவந்து விடும்போது கடை வாசல்ல எதிர்ல வருவான், வணக்கம் சொல்லுவான், நான் பாட்டுக்குப் போயிடுவேன். அப்பவும் மறுநாள் வணக்கம் சொல்லுவான்."

"சொல்லியிருக்கார் ஐயா. 'இன்னிக்கும் பாக்கல'ன்னு சிரிப்பார்."

"சிரிப்பானா?"

"ஆமாங்க ஐயா."

அவர் தலையை ஆட்டினார். படத்தில் இருக்கிற தம்பியின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்தார். "இவன் நம்பர் உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது இருக்குமா?"

அவள் மேடத்திடம் கேட்டு வருவதாகச் சொல்லி உள்ளே ஓடினாள். மேடத்திடம் இல்லை. கணக்குப் பிரிவில் ஒரு பழைய நம்பர் இருந்தது. அடித்துப் பார்த்தால் உபயோகத்தில் இல்லை என்றது. திரும்பி வந்து சொன்னபோது அவர், "பரவாயில்ல, பரவாயில்ல," என்று ஏதோ சில்லறை இல்லை என்று சொன்ன கடைக்காரனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். கண்ணாடியில் அவர் விரல் பட்ட இடத்தை அவள் துடைத்தாள். அது வேலை.

மறு மாதம் எல்லாரையும் இரண்டாவது மாடிக்கு வரச் சொன்னார்கள். அறைகலன் பிரிவு. உட்கார இடம் வேண்டுமே என்று விற்பனைக்கு வைத்திருந்த சோபாக்களிலேயே உட்காரச் சொன்னார்கள். இத்தனை வருஷமாக 'ஊழியர்கள் அமரக் கூடாது' என்று எழுதி வைத்திருந்த சோபாக்கள். உட்கார்ந்த எல்லாரும் உள்ளே புதைந்துபோனார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோபமாக எழுந்திருக்கலாம் என்றால்கூட எழுந்திருக்க முடியவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் போனைப் பார்த்துப் படித்தார். பெரிய கடையும் மூடப்படுகிறது, அள்ளிக்கோவும் மூடப்படுகிறது. வாடகை, வட்டி, காலமாற்றம். இந்தக் குடும்பத்தின் உழைப்புக்கு நன்றி.

யாரோ விசும்பினார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். தச்சர், "எழுபத்தஞ்சாவது வருஷம்னு இப்பதானே ஊரைக் கூட்டினீங்க?" என்று கேட்டார். படித்தவர் அடுத்த பக்கத்தைத் தள்ளிப் பார்த்தார். 

கண்ணாடி அக்கா சோபாவின் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். நல்ல துணி. கணவரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் குரல் வரவில்லை.

கடையை மூடுவதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது. அவர்கள் தங்கள் சிவப்புத் துணிகளையும் தங்கள் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்தார்கள். வரலாற்றைக் கழற்றச் சொன்னார்கள். ஆறு கண்ணாடியிலும் 'எல்லாம் போக வேண்டும்' என்று ஒட்டச் சொன்னார்கள். சாமான்களின் இருப்பிடம் தெரிந்தவள் என்பதால் அவளைக் கடைசிவரை வைத்துக்கொண்டார்கள். தள்ளுபடியே தெரியாத கடையில் கூட்டம் படியேறி வந்தது. சரக்கு தீர்ந்ததும் அலமாரிகளுக்கு விலை ஒட்டினார்கள். அலமாரி தீர்ந்ததும் பொம்மைகளுக்கு. தையல்காரர் ஒருவர் மூன்று பொம்மைகளை வாங்கி ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். கழற்றிய வரலாற்றுப் பலகைகளும் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கும் விலை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினாள்.

"அக்கா, அண்ணன் படத்தை நான் வேணா வண்டியில போட்டு வீட்டுக்குக் கொண்டாரட்டுமா?" என்று தச்சர் கேட்டார்.

"ஆளுயரப் பலகை. எந்தச் சுவத்துல வைக்கறது?"

ஒரு மதியம் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். மனைவிக்காரி பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். "பின்பக்கத்துக் கொட்டகைக்கு மேல போடணும்மா. மழைக்குத் தாங்குமா?"

"பிளைவுட். பெயின்ட் அடிச்சா தாங்கும்," என்றாள் கண்ணாடி அக்கா.

"இந்தப் படம்?"

"மேலயே அடிச்சிடலாம்."

"பாவம், யாரோ பெரிய மனுஷங்க மாதிரி இருக்காங்க," என்றார் கணவன்காரர், இரக்கத்தோடு.

"பின்பக்கம் வழவழன்னு இருக்கு. அதை வெளிப்பக்கமா வச்சுக்கோங்க," என்று சொல்லி, பலகை முனை கையைக் கிழிக்காமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றிக் கொடுத்தாள். தச்சர் ஏணிமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை.

அவர் வாய் சும்மா இருக்குமா? இரண்டு நாளில் விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் நாத்தனார் இருந்தாள். அண்ணன் இறந்தபோது வந்தவள், அண்ணியைத் தனியாக விட மனமில்லாமல் தங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை. நூறு பேருக்கு அதட்டிப் பரிமாறிப் பழகிய குரல்.

"அண்ணி! எங்கண்ணன் படத்தை வித்தியா நீ?"

"படத்தை விக்கல. பலகையை வித்தேன்."

"ஓகோ. படம் சும்மா ஒட்டிக்கிட்டுப் போச்சாக்கும்? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

கண்ணாடி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வியை நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "தெரியலையே," என்றாள்.

 நாத்தனார் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அண்ணன் சின்ன வயதில் தன்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டியது, தன் கல்யாணம் முறிந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். கண்ணாடி அக்கா ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நீயும் ஒரு தடவை அழுதுடு அண்ணி. எனக்குப் பயமா இருக்கு."

"வந்தா அழ மாட்டேனா?"

மறுநாள் நாத்தனார் தச்சரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "படத்து மேல நீல பெயின்ட் அடிச்சிட்டாங்க." கையைக் கழுவிக்கொண்டே, "நல்லாத்தான் அடிச்சிருக்காங்க. ரெண்டு கோட்டு," என்றாள். போனவளை உட்கார வைத்து டீ கொடுத்தார்களாம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரிய கடையின் ஷட்டரை இறக்கினார்கள். இறக்கும்போது தெருவில் யாரும் கூடவில்லை. எல்லாம் வாங்கி முடித்துவிட்டிருந்தார்கள். இளையவர் கடைசிவரை வரவில்லை. மேடத்துக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது; போகும்போது கண்ணாடி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தச்சர் சொந்தமாகப் பட்டறை போட்டார்.

கண்ணாடி அக்காவுக்கு வேலை கிடைக்க நாளாயிற்று. கண்ணாடிக் காட்சி வைக்கிற கடைகளே இப்போது குறைவு. கடைசியில் கிடைத்தது வேறொரு கம்பெனியின் மலிவு விலைக் கடையில். ஜன்னலே இல்லாத தகரக் கூரைக் கட்டடம். அட்டைப் பெட்டியைப் பிரி, வாளிகளை வாளிகள் மேல் அடுக்கு, காலியான இடத்தை நிரப்பு. அழகாக அடுக்கினால் மேற்பார்வையாளர் திட்டினார். "அழகா இருந்தா எவனும் எடுக்க மாட்டான்மா. கொஞ்சம் கலைஞ்ச மாதிரி இருக்கணும்." அவள் கலைக்கப் பழகிக்கொண்டாள்.

அங்கே அவள் கண்ணாடி அக்கா என்று யாருக்கும் தெரியாது. யார் எவர் என்றே தெரியாது. சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு இடைவேளையில், பில் போடுகிற பெண் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளைகளின் அம்மா. டப்பாவைத் திறப்பதற்குள் தன் வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார் அக்கா?"

பெரிய கடையில் இதை யாரும் கேட்க வேண்டியிருந்ததில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நாத்தனார்தான் சொன்னாள், 'தவறிட்டார்' என்பாள். உறவுக்காரர்கள் 'போயிட்டார்' என்பார்கள். கண்ணாடி அக்கா அந்த இரண்டில் எதைச் சொல்வது என்று வாயைத் திறந்தாள்.

"செத்துட்டார்," என்றாள்.

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பில் போடுகிற பெண்ணின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது.

"ஐயோ. எப்ப அக்கா?"

எப்போது என்று சொல்ல முயன்றாள். மழைக்கு முன்பா, பின்பா? பொம்மைக்குக் கோட்டு மாட்டியதால் குளிர் காலத்துச் சரக்கு வந்த நேரமாக இருக்க வேண்டும். "அது வந்து... இப்பதான்... இல்ல..." தொண்டையில் ஏதோ அடைத்தது. சோறு என்று நினைத்தாள். இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பில் போடுகிற பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள். குடித்தாள். குடித்தது பாதி தாடை வழியாக வழிந்து, கடையில் கொடுத்த சட்டை நனைந்தது. 

இடைவேளை முடிந்து மணி அடித்தது. எல்லாரும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள்.

"நீ போம்மா. உன்னைத் திட்டப் போறாங்க," என்றாள் கண்ணாடி அக்கா.

"திட்டட்டும் அக்கா," என்றாள் அவள். நாற்காலியை இழுத்து இந்தப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.